ஐந்தாம் சக்கரத்தார்

"என்னுது ஃபிஃப்த் வீல்" என்று முதல் சந்திப்பிலேயே அவர் மார்தட்டிச் சொன்னபோது எனக்கு ஸ்டெப்னிதான் ஞாபகம் வந்தது. நாலு சக்கரத்துக்கு அடுத்தது வேறு என்னவாக இருக்க முடியும்? "என்கிட்டயும் ஒண்ணு இருக்குங்க. டிக்கிக்கு அடியில கிடக்கு. காத்து இருக்கான்னு பார்த்தே மூணு வருஷம் ஆச்சு" என்றேன். ஆலாபனை நடுவே எழுந்து "பாட்டு எப்ப சார் ஆரம்பிக்கும்?" என்று கேட்டவனை சபா ரசிகர் ஒரு பார்வை பார்ப்பாரே, அதே பார்வை பார்த்தார்.

இடம், டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வடமேற்கே இருக்கும் இங்க்ஸ் லேக் மாநிலப் பூங்கா. ரோஸ் நிறப் பாறைகளுக்கு நடுவே ஒரு ஏரி. நான், மனைவி, பையன் என்று மூன்று பேரும் கூடாரம் அடித்துத் தங்கப் போயிருந்தோம். இயற்கையோடு இயற்கையாக இரண்டு நாள் வாழ்வது என்பது திட்டம். ரைஸ் குக்கருக்கு பிளக் பாயிண்ட் இருக்கும் இடமாகப் பார்த்து எடுத்திருந்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து இடத்துக்கு ஒரு வீடு வந்து சேர்ந்தது. வீடு என்றால் வீடேதான். 36 அடி நீளம், 13 அடிக்கு மேல் உயரம். அதை இழுத்துவந்த லாரிக்குள்ளிருந்து நம்மவர் இறங்கினார். இறங்கியதும் ஏரியைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை. குனிந்து தன் கொக்கியைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எந்தப் பூங்காவுக்குப் போனாலும் இவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தொப்பி மாறும், ஊர் மாறும், நாய் மாறும். ஆள் மாறுவதில்லை. ஆகவே ஒருவரைச் சொன்னால் அத்தனை பேரையும் சொன்ன மாதிரி.

ஐந்தாம் சக்கரத்தாருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். முப்பது வருஷம் எங்கேயோ உழைத்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் அளவு டேப், சட்டைப் பையில் டார்ச், வலது கையில் மட்டும் கறுத்துப்போன ஒரு கையுறை. என்னை 'பட்டி' என்று கூப்பிடுவார். தம்பி என்று அர்த்தம். பக்கத்துக் கூடாரத்தில் பாலக்காட்டுக்காரர் யாரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

அவருடைய பிக்கப் லாரிக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நாலு சக்கரம். ஃபோர்டு, ராம், செவ்ரோலே என்று மூன்று கட்சி உண்டு. ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சியின் லாரியைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. ரஜினி ரசிகர் மன்றத்தில் கமல் படத்துக்கு டிக்கெட் கேட்ட கதைதான். கட்சி எதுவானாலும் கொக்கி விஷயத்தில் மட்டும் மூவரும் ஒரே கூட்டணி.

அந்தக் கொக்கியைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ட்ரெய்லரை வண்டியின் வாலில் ஒரு இரும்புக் குண்டில் மாட்டி இழுப்பார்கள். இவருடையது அப்படியில்லை. லாரியின் பின்தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர்மேலே, தோசைக்கல்லைவிடப் பெரிய ஒரு இரும்புத் தட்டு உட்கார்ந்திருக்கும். குதிரை லாடம் மாதிரி பின்பக்கம் வாய் பிளந்திருக்கும். ட்ரெய்லரின் மூக்கிலிருந்து இரண்டு அங்குலப் பருமனுள்ள எஃகு முளை ஒன்று கீழ்நோக்கி நிற்கும். அதன் பெயர் கிங்பின். லாரியை மெல்லப் பின்னால் எடுத்தால் முளை அந்த வாய்க்குள் நுழையும். உள்ளே இருக்கும் தாடை 'க்ளங்' என்று கவ்விக்கொள்ளும். அவ்வளவுதான். ஆனால் நம்மவர் உழைத்ததும், ஓய்வு பெற்றதும், வீட்டை விற்றதும், லட்சம் டாலர் கடன் வாங்கியதும் அந்தக் 'க்ளங்'கைக் காதால் கேட்கத்தான்.

"ஏன் அச்சுக்கு மேலேன்னு தெரியுமா, பட்டி?" என்று ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாததுபோலக் கேட்டுக்கொண்டேன். மொத்த எடை 14,000 பவுண்டு. ஆறேகால் டன்னுக்கு மேல். அதில் ஐந்தில் ஒரு பங்கு, 2,800 பவுண்டு, அந்த முளை வழியாக லாரியின் முதுகில் இறங்குகிறது. கிட்டத்தட்ட 1,270 கிலோ. ஒரு மாருதி ஆல்டோவையும் அதற்குள் திணிந்து ஏறிய ஒரு கல்யாண கோஷ்டியையும் முதுகில் சுமப்பது மாதிரி. வாலில் மாட்டி இழுத்தால் ட்ரெய்லர் ஆடும்போது வண்டியும் சேர்ந்து ஆடும். அச்சின் மேல் ஏற்றிவிட்டால் ஆட்டம் அடங்கிவிடும்.

எனக்கு எங்கள் அப்பாரு ஞாபகம் வந்துவிட்டது. காங்கேயம் பக்கத்தில் அவர் வண்டியில் மூட்டை ஏற்றும்போது நான் கூட நிற்பேன். எல்லா மூட்டையும் ஏறிய பிறகு நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தில் உட்காரும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். ஒரு மூட்டையை ஒரு சாண் முன்னால் தள்ளுவார், மறுபடி தூக்கிப் பார்ப்பார். கைக்கு ஏதோ ஒரு கணக்குத் தெரியும். அது கிடைத்தால்தான் மாட்டைப் பூட்டுவார். இதைச் சொன்னதும் நம்மவர் பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்துவிட்டார்.

"அந்தக் காளைகளோட பேலோட் எவ்வளவு?"

"தெரியலைங்க."

"கதவுக்குள்ள ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே."

"காளைக்குங்களா?"

அவர் சிரிக்கவில்லை. லாரி எவ்வளவு சுமக்கலாம் என்று டிரைவர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அந்த ஸ்டிக்கர் அவருக்கு வேதவாக்கு. பக்கத்தில் யாராவது புதிதாக வந்து இறங்கினால் வணக்கம் சொல்லும் சாக்கில் அவர்கள் கதவைத்தான் எட்டிப் பார்ப்பார். "ஓவர்லோடு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுப்பார். ஜாதகம் பார்த்துவிட்டுச் செவ்வாய் தோஷம் என்று சொல்லும் குரல் அது.

ஐந்தாம் சக்கரம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அடுப்பில் வைத்த ரசம் பொங்கி வழிந்து அணைந்த பிறகுதான் பதில் முடிந்தது. குதிரைக் கோச்சு வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காக, அச்சுக்கு மேலே படுக்கைவாட்டில் ஒரு இரும்பு வளையம் இருக்குமாம். நாலு சக்கரம் ஓட, இது மட்டும் படுத்தபடி சுழலும். அதுதான் ஐந்தாவது. 1914இல் டெட்ராய்ட்டில் ஃபிரெடரிக் சிப்லி என்ற மர வியாபாரிக்குத் தன் படகை ஏரிக்குக் கொண்டுபோக ஆசை. ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர் ஃபோர்டு மாடல் டி காருக்குப் பின்னால் கோக்க ஒரு வண்டி செய்துகொடுத்தார். இன்று நெடுஞ்சாலையில் ஓடும் பதினெட்டுச் சக்கர லாரிகளுக்கு அது ஒரு பாட்டன். "பார்த்தியா? எல்லாம் ஆரம்பிச்சதே ஒருத்தன் ஏரிக்குப் போகணும்னு ஆசைப்பட்டதாலதான்" என்றார் நம்மவர், தன் எதிரே இருந்த ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பிறகு விமானம் கட்டிய கிளென் கர்ட்டிஸ் 1920களின் கடைசியில் 'ஏரோகார்' என்று ஒரு சொகுசு ட்ரெய்லர் செய்தார். காருக்குள் விமானச் சக்கரம் ஒன்றைப் படுக்க வைத்து அதில் ட்ரெய்லரின் மூக்கைச் செருகினாராம். சக்கரம் நிஜமாகவே ஐந்தாவதாக இருந்தது அப்போதுதான்.

பதிலுக்கு நானும் சும்மா இருக்கவில்லை. ஸ்டெப்னி என்ற பெயர் வேல்ஸில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் உபரிச் சக்கரம் செய்த கம்பெனியிடமிருந்து வந்தது என்று எடுத்துவிட்டேன். மரியாதை கொஞ்சம் கூடியது. கையுறையைக் கழற்றிவிட்டுக் கைகுலுக்கினார்.

அவருடைய உலகத்தில் எல்லோருக்கும் ஒரு படி உண்டு. கடைசிப் படியில் எங்கள் கூடாரம். அதற்கு மேலே வாலில் மாட்டி இழுக்கும் சிறு ட்ரெய்லர்காரர்கள். "அவங்க ட்ரெய்லரை இழுக்கலை, ட்ரெய்லர் அவங்களை ஓட்டுது" என்பார். உச்சாணியில் பஸ் அளவுக்கு மோட்டார்ஹோம் வைத்திருக்கும் பணக்காரர்கள் இருக்க வேண்டும். அவர்களையும் இரண்டாம் படிக்கு இறக்கிவிடுவார். "எஞ்சின் ரிப்பேர்னா அவனுக்கு வீடே மெக்கானிக் ஷெட்டுக்குப் போயிடும். அப்புறம் ராத்திரி எங்கே படுப்பான்? எனக்கு லாரி போனா லாரி மட்டும்தான் போகும்." நியாயமான வாதம். ஆனால் வாரத்தில் நாலு நாள் லாரிக்கு ஏதாவது பூட்டிக்கொண்டிருப்பவர் சொல்லும்போது கேட்கக் கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்தது.

கிரீஸ் விஷயத்தில் இவர்களுக்குள்ளேயே வடகலை தென்கலை உண்டு. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே கிரீஸ் தடவுகிறவர்கள் ஒரு பக்கம். முளையில் வழவழப்பான பிளாஸ்டிக் வட்டு ஒன்றைப் போட்டுவிட்டுக் கை கழுவுகிறவர்கள் மறு பக்கம். நம்மவர் பழைய சம்பிரதாயம். அவர் பேன்ட், நாற்காலி, நாயின் காது எல்லாவற்றிலும் சம்பிரதாயம் ஒட்டியிருந்தது.

இனி அம்மணி. ஐந்தாம் சக்கரத்தாரின் மனைவி இல்லாமல் இந்தச் சித்திரம் நிற்காது. ட்ரெய்லரைப் பின்னால் எடுத்து மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே செருகும் சடங்கில் அவளே புரோகிதர். ட்ரெய்லர் இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்ப வேண்டும். கை குழம்பாமலிருக்க ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கை போகும் பக்கமே ட்ரெய்லரும் போகும். இது நம்மவருக்குக் கரதலப்பாடம். தெரியாதது ஒன்றுதான்: பின்னால் என்ன இருக்கிறது. அதைச் சொல்ல அம்மணி வாக்கி டாக்கியோடு நிற்பாள்.

"ஹனி, வலது பக்கம்."

"உன் வலதா, என் வலதா?"

"என் வலது."

"நீ எந்தப் பக்கம் பார்த்து நிக்கறே?"

அனுபவசாலிகள் வலது, இடது என்பதையே விட்டுவிட்டு 'டிரைவர் பக்கம்', 'அந்தப் பக்கம்' என்றுதான் சொல்வார்களாம். இந்த உடன்படிக்கைக்கு வந்துசேர அவர்களுக்குப் பதினோரு வருஷமும் ஒரு மின்கம்பமும் தேவைப்பட்டன என்று அம்மணி பின்னால் என் மனைவியிடம் சொன்னாள். தூரத்தைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம், 'ஹனி'யை வைத்தே அளந்துவிடலாம். இருபது அடியில் 'ஹனி' தேனாக இருக்கும். பத்து அடியில் வெல்லப்பாகு. மூன்று அடியில் கடுக்காய்க் கஷாயம். ஒரு அடியில் 'ஹனி' நின்றுபோய், அவருடைய அம்மா வைத்த முழுப் பெயர் வரும். அப்போது பூங்காவே பிரேக் போடும். சுற்றியிருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கையில் பானத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்த் திருவிழாவில் தேர் நிலைக்கு வரும்போது முட்டுக்கட்டை போடுகிறவனுக்கு யோசனை சொல்ல நூறு பேர் இருப்பார்களே, அந்தக் கூட்டம் டெக்சாஸிலும் உண்டு.

வாக்கி டாக்கியில் பேட்டரி தீர்ந்தால் சைகை. இரண்டு கையும் தலைக்கு மேல் குறுக்கே போனால் 'நில்'. இரண்டு உள்ளங்கையையும் முன்னால் நீட்டிக் கீழே அமுக்கினால் 'டெயில்கேட்டை இறக்கு'. மேல்நோக்கித் தூக்கினால் 'டெயில்கேட்டை மூடு'. என் பையன் ஒரே சாயங்காலத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, சோற்றுத் தட்டை நகர்த்துவதற்குக்கூட எனக்குச் சைகை காட்ட ஆரம்பித்தான்.

டெயில்கேட் என்பது பிக்கப்பின் பின்கதவு. ஐந்தாம் சக்கரத்தாரின் குலசத்துரு. கழற்றிவிட்டு லாரியை முன்னால் எடுக்கும்போது அது இறங்கியிருக்க வேண்டும். மறந்து மூடியபடியே எடுத்தால், தொட்டிக்குள் நீண்டிருக்கும் ட்ரெய்லரின் மூக்கு நின்ற இடத்தில் நிற்கும், கதவு அப்பளமாகும். மாட்டும்போதும் அதே கதைதான், திசைதான் வேறு. ஆகவே அவரிடம் லேமினேட் செய்த ஒரு அட்டை உண்டு. டெயில்கேட் இறங்கியதா, தட்டும் முளையின் தட்டும் சரியான உயரமா, தாடை கவ்வியதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாயா, ட்ரெய்லரின் விளக்குக்கும் பிரேக்குக்கும் உரிய பிளக், தப்பித்தவறி ட்ரெய்லர் கழன்றால் பிரேக் பிடிக்க வைக்கும் கம்பி, பூட்டு. பிறகு 'டக் டெஸ்ட்'. ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு லாரியை மெல்ல முன்னால் இழுத்துப் பார்ப்பது. அப்பாரு நுகத்தடியைத் தூக்கிப் பார்த்ததற்குப் பேரன் முறை இது. இழுத்தும் கழலாவிட்டால் ட்ரெய்லரின் முன்கால்களைத் தூக்கலாம். முளை தாடைக்குள் போகாமல் மேலே உட்கார்ந்திருப்பது தெரியாமல் கால்களைத் தூக்கிவிட்டுப் புறப்பட்டவர்கள் கதையை அவர் பேய்க்கதை மாதிரி சொல்வார். ஆறு டன் வீடு லாரித் தொட்டியின் விளிம்பில் வந்து உட்காரும் சத்தம் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பதினாறு வரி. முதல் வரி டெயில்கேட். ஏழாவது வரி டெயில்கேட். பதினாறாவது வரி டெயில்கேட், சிவப்பு மையில். அவருடைய லாரியைத் திரும்பிப் பார்த்தேன். பின்கதவு மற்ற லாரிகளில் இருப்பதுபோல நேராக இல்லை. நடுவில் வி எழுத்துபோல வெட்டுப்பட்ட தனி மாடல், பளபளவென்று புதுசு.

"இது ஏனுங்க இப்படி இருக்கு?"

"காத்து போக" என்றார். "மைலேஜுக்கு நல்லது." இந்த வீட்டை இழுக்கும்போது கேலனுக்குப் பத்து மைல் கிடைத்தால் அதிகம். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர். அந்த மைலேஜைக் காப்பாற்றவா இவ்வளவு ஏற்பாடு என்று நான் கேட்கவில்லை. அம்மணி சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். ட்ரெய்லரின் சுவர் மெல்லிசு. சிரிப்பது வெளியே நன்றாகவே கேட்டது.

இவர்களுக்குப் புண்ணியத் தலங்களும் உண்டு. குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனம். வடக்கத்திப் பனிக்குப் பயந்து இறங்கிவரும் வீடுகள் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். ட்ரெய்லர்களின் கர்ப்பகிரகம் என்றால் இண்டியானாவின் எல்கார்ட். இந்த வண்டிகளுக்கென்றே புகழ்மண்டபம் வைத்திருக்கும் ஊர். போகவே கூடாத திசையும் ஒன்று உண்டு: வட கரோலினாவின் டர்ஹம் ஊரில் ஒரு ரயில் பாலம். உயரம் முன்பு 11 அடி 8 அங்குலம். ஓயாமல் லாரிகளின் கூரையைச் சீவிக்கொண்டிருந்ததால் 2019இல் 12 அடி 4 அங்குலமாகத் தூக்கினார்கள். அதற்குப் பிறகும் சீவுகிறது. நம்மவர் தன் வீட்டின் உயரத்தை ஸ்டியரிங்குக்கு எதிரே எழுதி ஒட்டியிருந்தார். மனைவியின் பிறந்தநாளும் அதே சீட்டில், அதற்குக் கீழே இருந்தது.

சனிக்கிழமை முழுவதும் நாங்கள் ஏரியில் கிடந்தோம். பாறையில் ஏறினோம், தண்ணீரில் குதித்தோம். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்து எதையோ ரசித்துக்கொண்டிருந்தார். ஏரிப்பக்கம் சூரியன் செக்கச்செவேலென்று இறங்கிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலி அதற்கு நேர் எதிர்ப்பக்கம், லாரித் தொட்டியைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது.

"சூரியன் அந்தப் பக்கம் இருக்குங்க" என்றேன்.

"தெரியும். வெளிச்சம் தாடை மேல எப்படி விழுது பாரு, பட்டி."

பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, கிரீஸ் பொன்னாக மின்னியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் காலி செய்ய வேண்டும். அவர் காலை எட்டு மணிக்கே அட்டையோடு இறங்கிவிட்டார். பதினாறு வரியும் முடிந்து, க்ளங் கேட்டு, டக் டெஸ்ட் ஆகி, வீடு நகரும்போது மணி பத்தே முக்கால். நாங்கள் கூடாரத்தைச் சுருட்டி டிக்கியில் திணித்தது பத்து நிமிஷத்தில். "பார்த்தியா, எளிய வாழ்க்கைக்கு அட்டை தேவையில்லை" என்று பையனுக்கு உபதேசம் செய்தபடி வண்டியை எடுத்தேன். ஏதோ 'பீப் பீப்' என்றது. "சீட் பெல்ட்டைப் போடு" என்று மனைவியிடம் சொன்னேன். "போட்டுத்தானுங்க இருக்கேன்" என்றாள்.

வாசலுக்குப் பக்கத்தில் கழிவுத் தொட்டி காலி செய்யும் இடத்தில் அவர்கள் நின்றிருந்தார்கள். நம்மவர் குழாயோடு குனிந்திருந்தார். அம்மணி சாலையைப் பார்த்து நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கித் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"டெயில்கேட்டை மூடு!" என்று பையன் உடனே மொழிபெயர்த்தான்.

"பாவம், மறுபடி மறந்துட்டார் போல" என்றேன். மூவரும் சிரித்தோம். போகிற போக்கில் நான் கையாட்டினேன். அவள் இன்னும் வேகமாகக் கையைத் தூக்கினாள். அமெரிக்கர்கள் வழியனுப்பும்போது எவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்று வியந்துகொண்டே கால் மைல் போயிருப்பேன்.

"அப்பா, நம்ம ரைஸ் குக்கர் ரோட்டுல வருது."

கண்ணாடியில் பார்த்தேன். டிக்கி வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. குக்கர் ஒரு பக்கம், தலையணை ஒரு பக்கம், கூடாரத்தின் கம்பிகள் பாதிச் சாலையில். மூடி மட்டும் உருண்டு உருண்டு பள்ளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நாலு பக்கமும் மஞ்சள் விளக்கு மினுக்க, அந்த 36 அடி வீடு நிதானமாக வந்து நின்றது. நம்மவர் இறங்கினார். மூடியை எடுத்தார். கையுறையால் துடைத்தார். அதிலிருந்து ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டுச் சோற்றில் கிரீஸ் வாசம்.

ஒரு வார்த்தை கிண்டலாகச் சொல்லவில்லை மனுஷன். என் தோளில் கையை வைத்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "விடு, பட்டி. எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும். எனக்கும் நடந்திருக்கு. ஒரே ஒரு தடவை."

அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். லாரி ஜன்னலில் அம்மணி, வாக்கி டாக்கியைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்து நிதானமாக மூன்று விரல் காட்டினாள்.